கடலுக்கு முதுகைக் காட்டுலே!

ஏலே பேராண்டி, பொஞ்சாதியக் கூட்டிக்கிட்டு சாந்தோரினித் தீவுக்குக் கெளம்பிட்டியாமே! நல்லாப் போயிட்டு வாலே. ஒன் தாத்தன் கிரேக்க மொதலாளி கப்பல்ல, சமையக்கட்டுல வெந்தவன். அந்தத் தீவோட வயித்துச் சங்கதி கொஞ்சம் தெரியும். நாலு புத்தி சொல்லுதேன். நீ கேக்கப் போறதில்ல. அதனாலதான் தைரியமாச் சொல்லுதேன்.

படகுல வந்து பழைய துறையில எறங்கினா, மேல ஃபிரா ஊருக்குப் போக 600 படிக்குப் பக்கம் ஏறணும். ரோப் கார் இருக்கு. நீ கழுதை மேலதான் போவேன்னு அடம்புடிப்பே. ஆனா 2018-ல கிரேக்க சர்க்கார் ஒரு விதி போட்டுட்டான்: 100 கிலோவுக்கு மேல, இல்லாட்டித் தன் எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல, கழுதை சொமக்கக் கூடாது. ஒன்னத் தராசுல ஏறச் சொன்னான்னு வையி, அவமானம் ஒனக்கில்லலே, சோறு போட்டு வளத்த எங்களுக்கு.

சாயங்காலம் ஈயா ஊருக்கு ஓடு. அங்கன சூரியன் கடல்ல விழும். நம்ம ஊருலதான் அது மறையறதே கெடையாதே, பாவம், போயி ஆசையாப் பாத்துக்கோ. தீவுக்காரன் மொத்தமே 15,000 சொச்சம் பேரு. வருசத்துக்கு வந்து போற சனம் 30 லட்சத்துக்கு மேல. ஒரு சந்து விடாம நிப்பான். முன்னால நிக்குதவன் பெடதியில எப்படிச் சூரியன் மறையுதுன்னு படம் புடிச்சு அனுப்பு, பாப்போம்.

பொறவு பசிக்கும். மலை விளிம்புல தொங்குத கடையாப் பாத்து, முன்வரிசை மேசையிலயே உக்காரு. அங்கன சமையக்காரனுக்கு வேலை கம்மி. பாதி ருசியைக் கடல் குடுத்துரும், மீதியைப் பில்லு பிடுங்கிரும். கேக்காமலே ரொட்டி வரும். தருமம்னு நெனச்சு மெல்லாதே, அதுக்கும் துட்டு. மீனுக்கு விலை கிலோக் கணக்கு. சுடுததுக்கு முன்னால நிறுத்துக் காட்டச் சொல்லு. மெனு கார்டுல மீன் பேருக்குப் பக்கத்துல நட்சத்திரக் குறி போட்டிருந்தா, அது ஐஸ்பெட்டியில கெடந்த உருப்படி. நட்சத்திரத்தை வானத்துல பாருலே, தட்டுல எதுக்கு?

இந்தக் கூத்தெல்லாம் முடிஞ்சு பையில காசு மிச்சமிருந்தா, கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு பிர்கோஸ், எம்போரியோன்னு உள்ள இருக்குத கிராமத்துப் பக்கம் போ. தீவோட சாப்பாடு அங்கனதான் ஒளிஞ்சிருக்கு.

கேட்டுக்கோ. சுமார் 3,600 வருசத்துக்கு முன்னால எரிமலை வெடிச்சு, தீவோட நடுப்பாகமே கடலுக்குள்ள போயிட்டு. அந்தச் சாம்பல்ல அக்ரோத்திரிங்கிற ஊரு முழுசா மூடிப் போச்சு. 1967-ல மரினாதோஸுன்னு ஒரு ஆராய்ச்சியாளர் அங்கன தோண்ட ஆரம்பிச்சாரு. கெடச்ச சாடியில பருப்பு இருந்துது. அதே பருப்பை இன்னைக்கும் அந்தத் தீவுல வெதைக்கான், ஃபாவான்னு. நம்ம பக்கத்துக் கேசரிப் பருப்புக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். நல்லா வேக வெச்சு, மசிச்சு, மேல ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் போட்டுத் தருவான். நீ வீட்டுல மூஞ்சியச் சுளிச்சுத் தள்ளுத பருப்புக் கடையல் மாதிரிதான் இருக்கும். அங்கன யூரோ குடுத்து வழிச்சுத் திம்பே.

அந்தத் தீவுல ஆறு கெடையாது, மழையும் சொற்பம். ராத்திரிக் கடல்பக்கம் இருந்து வர்ற பனி ஈரத்தை அந்த நுரைக்கல்லு மண்ணு குடிச்சு வெச்சுக்கிடும். காத்து பிச்சுட்டுப் போயிரக் கூடாதுன்னு திராட்சைக் கொடியைத் தரையோட தரையாக் கூடை கணக்கா முடைஞ்சு விடுதான். குலை அந்தக் கூடைக்குள்ள பதுங்கிக் காய்க்கும். தக்காளி கோலி உருண்டை சைஸு, தோலு தடிமன், இனிப்பு அள்ளும். அதைப் புதினா, வெங்காயம், மாவோட பெசஞ்சு பொரிச்செடுத்தா ஒரு வடை வரும் பாரு! வெள்ளைக் கத்திரிக்காயி வெதை கம்மி. ஆட்டுப்பால்ல குளோரோதிரின்னு இளசா ஒரு சீஸ் உண்டு. சாலட் தட்டுல கடைசியில தேங்குத எண்ணெயையும் தக்காளிச் சாறையும் ரொட்டியால வழிச்சுத் துடை. அங்கன யாரும் ஒன்னப் பட்டிக்காட்டான்னு சொல்ல மாட்டான். அவனும் அதத்தான் செய்யான். அசிர்த்திகோ திராட்சை ரசம் ஒரு கிளாசு வெச்சா, ஒன் பாட்டிக்குத் தெரியாமக் குடி. பொஞ்சாதிக்கும் ஒரு கிளாசு வாங்கிக் குடு, அப்பத்தான் வீட்டுல சொல்ல மாட்டா.

மழையில்லாத சாம்பல் மண்ணுல வெளைஞ்சது அந்தச் சாப்பாடு. அதைத் தின்னாம, விளிம்புல நின்னு பல்லைக் காட்டிட்டு வர்றவன் தீவுக்குப் போனவனே இல்ல. நீ எடுக்குத போட்டோவை எனக்கு அனுப்பாதே. ஃபாவாப் பருப்பு ஒரு கிலோ வாங்கிட்டு வா.