கட்டையியல்: சேலம், நாமக்கல் சமவெளியில் சைக்கிள் பிரேக் கட்டைத் தேர்வு குறித்து ஒரு முன்னாய்வு

நூன்முகம்

சைக்கிளைப் பற்றித் தமிழில் கவிதை உண்டு, கதை உண்டு, சினிமாவும் உண்டு. அதன் பிரேக் கட்டையைப் பற்றி ஓர் இரங்கற்பாகூட இல்லை. இந்த ஆய்வு இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை. ஆய்வு இடைவெளி என்பது கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் போன்றது. அதிகமாக இருந்தால் வண்டி நிற்காது, அறவே இல்லாவிட்டால் நகராது. நம் கருத்தரங்குகளில் முதல் வகையே மிகுதி.

அப்படியொரு கருத்தரங்கிலிருந்துதான் இதற்கான தூண்டுதல் கிடைத்தது. ஒரு சொல்லுக்கு ரகரமா றகரமா என்று முற்பகல் முழுக்க வாதம். வாதம் முடிந்து சாப்பாட்டுக்குப் போனால் ரசம் தீர்ந்துவிட்டது. திரும்பும் வழியில் என் சைக்கிளில் பிரேக் பிடிக்கவில்லை. இம்மூன்று நிகழ்வுகளுக்கும் உள்ள தொடர்பை ஐந்தாம் இயலில் நிறுவுவேன்.

1. எல்லை

வடக்கே சேர்வராயன் மலை, கிழக்கே கொல்லிமலை, மேற்கிலும் தெற்கிலும் காவிரி. இதற்கு உட்பட்ட சமவெளியே ஆய்வுக்களம். ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் கொல்லிமலைப் பாதையின் 70 வளைவுகளும் விலக்கப்பட்டன. அங்கே கட்டை தேய்வதற்குள் ஆய்வாளர் தேய்ந்துவிடுவார்.

2. சொல்லாய்வு

ரப்பர்த் துண்டுக்குக் 'கட்டை' என்று மரத்தின் பெயர் எப்படி வந்தது? மாட்டு வண்டியில் இறக்கத்துக்காகச் சக்கரத்தில் உரசவிட்டது மரக்கட்டை. பெயர் அங்கிருந்து சைக்கிளுக்கு வந்திருக்கும் என்பர் சைக்கிள் கடையார். இவ்விளக்கம் யாருக்கும் புரிவதால் அறிஞர் ஏற்பதில்லை. 'கட்டு' என்னும் வினையடியிலிருந்து வந்தது, பாய்கிற வண்டியைக் கட்டிப்போடுவதால் கட்டை என்பார் ஒரு சாரார். மூன்றாம் சாரார் தத்துவக்காரர்கள். 'இந்தக் கட்டை வேகும்வரை' என்று பெரியவர்கள் தம் உடம்பைச் சுட்டுவதைக் காட்டி, ரிம்மில் உள்ள கட்டை தேய்ந்தால் சீட்டில் உள்ள கட்டை வேகும் என்று முடிப்பர் (கடைச் சுவர், கரிக்கணக்கு, 3ஆம் வரி). இம்மூவரில் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் கடைக்காரர் மட்டுமே.

3. வகைமை

கறுப்புக் கட்டை: எங்கும் கிடைக்கும்.

சிவப்புக் கட்டை: நிறத்தாலேயே 'நில்' என்று சொல்லும். வண்டிக்குக் கேட்பதில்லை.

மரக்கட்டை: காண்க, மாட்டு வண்டி. மாட்டு வண்டியைக் காண்பது உங்கள் பாடு.

டயர்க்கட்டை: நாமக்கல் லாரிகளுக்குப் பெயர்போன ஊர். லாரி இருக்கும் இடத்தில் கழித்துப்போட்ட டயரும் இருக்கும். அதில் ஒரு துண்டு அறுத்துச் செருகிக்கொள்வது. ஆயுள் முழுக்க உருண்டதைக் கடைசிக் காலத்தில் பிறரை நிறுத்தும் வேலைக்கு வைப்பதை ஊழ் என்பதா, மறுநியமனம் என்பதா என்று உரையாசிரியர்கள் மாறுபடுவர்.

செருப்புக்கட்டை: இதற்கு உதிரிபாகம் வேண்டாம், கால் போதும். பிரேக் பிடிக்காதபோது காலைத் தூக்கிச் செருப்பின் அடியால் டயரை மிதிப்பது. முன் டயரா பின் டயரா என்பதில் கட்சி உண்டு. முன் டயர்க் கட்சியில் மூத்த உறுப்பினர்கள் குறைவு. காரணம் விளக்க வேண்டியதில்லை. எந்தச் செருப்பு என்பதுதான் நுட்பமான கேள்வி. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் ரப்பர் அதன்மேல் வழுக்கிக்கொண்டே போகும். இதனால்தான் மேலைநாடுகளில் ஒரு காலத்தில் தோல் முகம் வைத்த கட்டைகளை விற்றார்கள். ஈரத்திலும் தோல் இரும்பைப் பிடிக்கும். ஆகவே தோல் செருப்புப் போட்ட நம் தாத்தாக்கள் மழைநாளில் அறிவியலோடு இருந்தார்கள், ரப்பர் செருப்புக்கு மாறிய நாம் பின்தங்கினோம் என்று எழுத எனக்கு ஆசை. தாத்தாக்கள் மிதித்தது ரிம்மை அல்ல, டயரை என்பது இந்த முடிவுக்குச் சற்று இடைஞ்சல். இடைஞ்சலான சான்றுகளை அடிக்குறிப்பில் தள்ளுவது மரபு. இக்கட்டுரைக்கு அடிக்குறிப்பு இல்லை.

4. அயலகக் கட்டை

டிரையல்ஸ் என்றொரு விளையாட்டு. தரையில் கால் ஊன்றாமல் பாறைமேலும் சுவர்மேலும் சைக்கிளோடு தாவுவது. 1970களில் கட்டலோனியாவில், மோட்டார் சைக்கிள் வீரரான பேத்ரோ பீ தன் மகன் ஓட் பீயைச் சைக்கிளில் பழக்கியதிலிருந்து வளர்ந்தது என்பர். இந்தச் சைக்கிள்கள் பலவற்றில் சீட்டே கிடையாது. கேரியர், மட்கார்டு, பெல், ஸ்டாண்டு எதுவும் கிடையாது. எங்கள் ஊரில் ஒருவர் தன் மகனுக்கு இப்படியொரு வண்டி வாங்கித் தந்திருந்தால் கடைக்காரரைக் கூப்பிட்டு மீதி எங்கே என்று கேட்டிருப்பார்கள்.

ஆனால் கட்டை விஷயத்தில் அவர்கள் நம்மைவிடத் தீவிரம். பின்சக்கரத்தில் மட்டும் நின்று பாறை விளிம்பில் உடம்பை நிறுத்தும்போது சக்கரம் ஓர் அங்குலம் உருண்டாலும் ஆள் கீழே. நமக்கு வேண்டியது மெல்ல மெல்ல நிற்பது, அவர்களுக்கு வேண்டியது பிடித்தால் பிடித்த இடத்தில் பூட்டிக்கொள்வது. இதற்காக ஜெர்மனியின் மகுரா செய்யும் எச்.எஸ். 33 போன்ற எண்ணெய் அழுத்த பிரேக்குகளைப் போடுகிறார்கள். போட்டும் திருப்தி இல்லை. புத்தம்புது அலுமினிய ரிம்மைக் கிரைண்டரால் கீறிச் சொரசொரப்பாக்கி, அதற்கேற்ற பாலியூரித்தேன் கட்டையைத் தேடுகிறார்கள். கீறாத ரிம்முக்கு ஒன்று, கீறியதற்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று என்று தேடல் நீளும். இன்னும் சிலர் ரிம்மில் தார் தடவுகிறார்கள். தார் தடவினால் கட்டை கவ்விக்கொள்ளும்.

இவ்விடத்தில் நம் சமவெளியின் தொன்மையை நிறுவியாக வேண்டும். சித்திரை மாத நண்பகலில் சேலம், நாமக்கல் சாலையில் சைக்கிள் ஓட்டுபவருக்குத் தார் தானாகவே வந்து ஒட்டும். தடவக் காசும் வேண்டாம், தூரிகையும் வேண்டாம். ஆகவே டிரையல்ஸ் நுட்பம் இங்கிருந்தே கடல் கடந்து கட்டலோனியாவுக்குச் சென்றது என்க. சான்று கேட்பவர்கள் ஊர்ப்பற்று இல்லாதவர்கள் (மேற்படி சுவர், வெள்ளையடிப்பதற்கு முந்தைய பாடம், ஒப்புநோக்குக: எதிர்ச்சுவரில் சினிமா போஸ்டர், மாடு தின்றது போக எஞ்சிய பகுதி).

5. ஒலியியல்

கட்டை ரிம்மில் உரசும்போது எழும் ஓசையை எப்படி எழுதுவது? 'கிரீச்' என்பர் ஒரு பள்ளியார். கட்டை ரப்பர், ரப்பர் மென்மை, எனவே இடையின ரகரமே தகும் என்பது அவர் வாதம். 'கிறீச்' என்பர் மற்றொரு பள்ளியார். ரிம் இரும்பு, இரும்பு வன்மை, எனவே வல்லின றகரம். ரப்பரும் இரும்பும் சேர்ந்தல்லவா ஒலிக்கின்றன என்று கேட்ட மாணவருக்கு இன்னும் பட்டம் வரவில்லை.

இயற்பியலார் கூற்று சுருக்கமானது. ரப்பர் ரிம்மை ஒரு கணம் பற்றுகிறது, மறுகணம் நழுவவிடுகிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இப்படிப் பற்றி விடுவதில் உலோகம் அதிர்ந்து பாடுகிறது. வயலின் கம்பியில் வில் செய்வதும் இதையேதான். கட்டையின் முன்நுனி ஒரு மயிரிழை முந்திப் படும்படி வைத்தால் ஓசை அடங்கிவிடும் என்பதும் அவர்கள் கூற்று. ஓசை அடங்கினால் இந்த இயலே அடங்கிவிடுமாதலால் இக்கூற்றை மறுக்கிறேன்.

இலக்கணத்துக்கு வருவோம். ரகரமோ றகரமோ, இறுதியில் நிற்பது 'ச்'. தமிழில் வல்லின மெய் சொல்லின் ஈற்றில் நிற்காது. தேய்ந்த கட்டை போட்ட வண்டியும் அவ்வாறே. இந்த ஒற்றுமை தற்செயல் அன்று. ஈற்றில் நிற்க முடியாத மெய்யைத் தாங்க ஓர் உகரம் வந்து ஒட்டுகிறது: 'கிரீச்சு'. இது வன்தொடர்க் குற்றியலுகரம். குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை. மாத்திரையாவது கண் இமைக்கும் நேரம். ஓர் இமைப்பை நொடியில் மூன்றில் ஒரு பங்கு என்று கொண்டால், மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும் சைக்கிள் அரை மாத்திரைக்குள் இரண்டேகால் அடி ஓடிவிடும். அதாவது ஓசையை இலக்கணச் சுத்தமாக முடிக்க விரும்புகிற வண்டி, இரண்டேகால் அடி தள்ளித்தான் நிற்கும். எதிரே நிற்கும் எருமைக்கு இதைச் சொல்லி வைப்பது நலம்.

இன்னும் ஒன்று. பின்னால் உயிர் வந்தால் குற்றியலுகரம் இடத்தைக் காலி செய்துவிடும் என்பது நன்னூல் படித்த பிள்ளைகள் அறிந்த விதி. சாலையிலும் கண்டதே. ஓர் உயிர் குறுக்கே வரும்போதுதான் பிரேக் காணாமல் போகிறது. நன்னூலை எழுதிய பவணந்தி பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்தில் பிறந்தவர் என்று கொங்கு நாட்டார் சொந்தம் கொண்டாடுவதற்கு இதைவிட வலுவான அகச்சான்று இதுவரை காட்டப்படவில்லை. அவர் காலத்தில் சைக்கிள் இல்லையே என்பது மேலோட்டமான மறுப்பு.

'கிர்ர்ர்ரீச்' என்று நீட்டி எழுதும் மூன்றாம் பள்ளியையும் தீர்த்துவிடுவோம். ஒற்றளபெடை ரகர மெய்க்கு வராது. எனவே அப்படி ஒலிக்கும் கட்டை இலக்கணப்பிழை உடையது, கழற்றி எறியத் தக்கது. கடைக்காரரும் அப்படிப்பட்ட கட்டையைக் கழற்றியே எறிகிறார்; அவர் சொல்லும் காரணம் உள்ளிருக்கும் தகரம் ரிம்மில் இடிக்கிறது என்பது. முடிவு ஒன்றே, நெறிகள் பல (மேற்படி சுவர், சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் தெரியும் அடிப்படிவம், 'பாக்கி' என்பதை 'பாக்கு' என்று ஒரு சாரார் படிப்பர், இரு பாடத்தையும் மறுத்துக் கடைக்காரரின் மனைவி வாய்மொழியாக வழங்கிய உரை அச்சேற்றத் தகாதது).

ரசம் தீர்ந்ததன் தொடர்பு இடம் கருதி விடப்பட்டது.

6. தரநிர்ணயம்

அறிவியல் அலகு என்று ஒன்று வேண்டும். நாமக்கல்லில் அதற்குத் தேடிப்போக வேண்டியதில்லை, முட்டை இருக்கிறது. ஓர் அட்டைக்கு 30 முட்டை. ஏழு அட்டை சேர்ந்தால் 210. கேரியரில் ஓர் அட்டையைக் கட்டி ஓட்டிப் பிரேக்கை அழுத்துக. வண்டி நின்று முட்டை உடைந்தால் கட்டை நன்று. வண்டி நிற்காமல் முட்டை உடையாவிட்டால் கட்டை தீது. வண்டியும் நின்று முட்டையும் உடையாவிட்டால் ஆய்வாளர் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். வண்டி நிற்காமலே முட்டை குறைந்திருந்தால் தரவுகளை வீட்டில் யாரோ ஆம்லெட் போட்டிருக்கிறார்கள். நான் ஏழு அட்டை கேட்டேன். ஆய்வுக்கு நிதி ஒதுக்குபவர் ஒன்றுக்குமேல் தர முடியாது என்று அடுப்படியிலிருந்தே சொல்லிவிட்டார்.

7. களஆய்வு

கடைக்குப் போனேன். கடைக்காரர் என் வண்டியின் பழைய கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். மேல்முகம் கறுப்புக் கண்ணாடி போலப் பளபளத்தது.

"ஏனுங் தம்பி, எத்தன வருசமாச்சு மாத்தி? கல்லாட்டம் ஆயிப்போச்சு பாருங்க."

"ரெண்டு மூணு வருசம் இருக்குங்ணா. வெளிய பார்த்தா நல்லாத்தான இருக்குது?"

அவர் பதில் சொல்லாமல் கட்டைவிரல் நகத்தை அதில் அழுத்தினார். தடமே விழவில்லை. டப்பாவிலிருந்து புதுக் கட்டையை எடுத்து அதிலும் அழுத்தினார். பிறை போல ஒரு தடம் விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மறைந்தது. பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அதை டப்பாவில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "நாத்தம் சரியில்லீங்க" என்றார். தேர்ந்த கட்டையைச் சிமெண்டுத் தரையில் நாலு தேய்ப்புத் தேய்த்து, வழுவழுப்பைப் போக்கிப் பூட்டினார். இதற்கெல்லாம் ஆனது ஒரு டீ ஆறும் நேரம்.

நம் ஊர்க் கறுப்பு சைக்கிளில் கம்பி பிரேக். கைப்பிடியை அழுத்தினால் கம்பிகள் இழுத்து, கட்டை ரிம்மின் பக்கவாட்டில் அல்லாமல் அச்சை நோக்கிய உள்முகத்தில் போய் அழுந்தும். அதனால் வீல் கொஞ்சம் கோணலாக ஆடினாலும் இது கவலைப்படுவதில்லை. புதுக் கட்டை ரிம்மோடு பழகச் சில நாள் ஆகும், அதுவரை முழு முகமும் ஒட்டாது என்றார் கடைக்காரர். பிறர் எழுத்தோடு ஒற்றுமை பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் குற்றமில்லை என்று ஆய்வேடுகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதித்தது. என் புதுக் கட்டை அந்த வரம்புக்குள்தான் இருந்தது. பல ஆய்வேடுகளைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது.

கிளம்பும்போது, ஓசைக்கு ரகரமா றகரமா என்று அவரிடமும் கேட்டேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"நிக்குதான்னு பாருங்க தம்பி."

பார்த்தேன். இந்த வட்டாரத்துக் கோழிகளில் பெரும்பாலானவை பண்ணைக் கூண்டில் இருப்பதால் சாலையைக் கடக்கும் உரிமை நாட்டுக்கோழிகளுக்கு மட்டுமே உண்டு. கடையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒன்று கடந்தது. அழுத்தினேன். வண்டி நின்றது, முன்சக்கரத்துக்கும் கோழிக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். என் காதுக்குக் 'கிறீச்' என்றே கேட்டது. இரண்டாம் மதிப்பீட்டாளரின் கருத்தையும் கேட்கலாம் என்று பார்த்தால், அது வேலிக்கு அந்தப்பக்கம் போய்விட்டது.