பலிகடாவும் போக்காடும்

கேள்வி: ஆபீசில் யார் தப்பு செய்தாலும் திட்டு எனக்குத்தான். 'உன்னை ஸ்கேப்கோட் ஆக்கிட்டாங்கடி' என்கிறாள் தோழி. பலிகடாதானே அது?
– ஒரு வாசகி, நாயுடுபுரம், கொடைக்கானல்

பதில்: பயப்படாதீர்கள், அந்த ஆடு வெட்டுப்படாது! பைபிளின் லேவியராகமத்தில் வருவது இரண்டு வெள்ளாட்டுக்கடா. சீட்டுப் போட்டு ஒன்றைப் பலியிடுவார்கள். மற்றதன் தலையில் ஊர்ப் பாவத்தையெல்லாம் ஏற்றி வனாந்தரத்துக்கு விரட்டுவார்கள். 'தப்பிப்போகும் ஆடு' என்ற பொருளில் 1530-ல் 'ஸ்கேப்கோட்' என்ற சொல்லை ஆங்கிலத்துக்குத் தந்தவர் பைபிளை மொழிபெயர்த்த வில்லியம் டின்டேல். (ஆட்டைத் தப்பவிட்டவர் தப்பவில்லை. மதவிரோதி என்று 1536-ல் கழுத்தை நெரித்து எரித்தார்கள்.)

தமிழ் பைபிளில் இதற்கு அருமையான சொல் உண்டு: போக்காடு. நாம்தான் அதை விட்டுவிட்டு வெட்டுப்படுகிற கடாவைப் பிடித்துக்கொண்டோம். அந்தக் கடாவுக்கும் நம்மூர்க் கோயிலில் ஒரு மரியாதை இருக்கிறது. மஞ்சத்தண்ணி தெளித்து, அது உடம்பைச் சிலிர்த்தால்தான் சம்மதம் என்று அரிவாளை எடுப்பார்கள். உங்கள் ஆபீசில் தண்ணி தெளித்தார்களா?

ஒரே சிக்கல், போக்காட்டைக் காட்டுக்கு விரட்டணும். நீங்கள் இருப்பதே மலைக்காடு. இன்னும் விரட்டினால் பேரிஜம் ஏரிதான். அதற்கு வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும்.