மாட்டிக்கொடுக்கும் முகம்: செஞ்சி வழிச் சோதனைகள் குறித்து ஓர் ஆய்வு

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் பஸ்ஸில், கிளியனூர் சோதனைச் சாவடி நெருங்கியதும் பேச்சுச் சத்தம் அடங்கிவிடுவது ஏன் என்ற கேள்வி ஆய்வுலகின் கண்ணில் இதுவரை படவில்லை. செஞ்சிக் கோட்டையை ஆராய்ந்தவர்கள் மதிலின் கனத்தை அளந்தார்கள். களஞ்சியத்துக்குள் நுழைந்து பார்த்தார்கள். கல்யாண மகாலின் மாடிகளை எண்ணினார்கள். வாசலில் நின்ற காவல்காரன் மூட்டையை அவிழ்க்கச் சொன்னபோது வந்தவன் எந்தப் பக்கம் பார்த்தான் என்று ஒருவரும் குறித்துவைக்கவில்லை. வருந்தத்தக்க இந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை.

கருதுகோளை முதலிலேயே சொல்லிவிடலாம். சோதனையில் ஆளை மாட்டிக்கொடுப்பது முகம். மூட்டைக்கு அதில் பங்கு குறைவு. சில வேளை கால்கூட மாட்டிக்கொடுக்கும் என்பதற்கு 1689-ஆம் ஆண்டுச் சான்று உண்டு. அண்ணன் சம்பாஜியை அவுரங்கசீப் கொன்றபின், மராட்டிய அரசர் ராஜாராம் பன்ஹாளா கோட்டையிலிருந்து செஞ்சிக்குத் தப்பி வந்தார். லிங்காயத்து யாத்ரீகர் வேடம். குறை சொல்ல முடியாத வேடம். பெங்களூரில் தங்கியபோது உடன் வந்த ஆள் ஒருவன் பழக்க தோஷத்தில் எசமானின் காலைக் கழுவிவிட்டான். பார்த்தவர்களுக்குச் சந்தேகம் தட்டியது. சாதாரண யாத்ரீகனுக்கு இவ்வளவு உபசாரமா? ராஜாராம் முன்னால் நழுவ, கண்டோ பல்லாள் முதலான சிலர் பின்தங்கிப் பிடிபட்டார்கள். அடி உதைக்கு நடுவிலும் ‘நாங்கள் யாத்ரீகர்கள்’ என்ற ஒரே பதிலில் நின்று விடுதலையானார்கள் என்பது மராட்டிய வரலாறு.

கேள்வி மாறினாலும் பதிலை மாற்றாதே என்ற இந்தக் கண்டோ பல்லாள் விதி பின்னாளில் வழக்கொழிந்துவிட்டது. விமான நிலையத்துக் குடியேற்ற வரிசையில் இதைக் கண்கூடாகக் காணலாம். பேறுகாலத்துக்காக மகள் வீட்டுக்குப் போகும் அம்மாளிடம் ‘எதற்குப் போகிறீர்கள்’ என்று கேட்டால் போதும். சுற்றிப்பார்க்க என்பார், மகள் தனியாக இருக்கிறாள் என்பார், முருங்கைக்கீரைப் பொடி பற்றி யாரும் கேட்காமலே எடுத்துச் சொல்வார்.

ராஜாராம் செஞ்சியை விட்டுப் போனதும் ஆய்வுக்குரியதே. ஏறக்குறைய எட்டாண்டு முற்றுகைக்குப்பின் 1698-இல் கோட்டை விழுந்தது. அதற்கு முன்பே அவர் வெளியேறிவிட்டார். முற்றுகையிட்ட முகலாயத் தளபதி ஜுல்பிகார் கானே வழிவிட்டார் என்ற பேச்சு உண்டு. பார்த்தும் பாராதிருத்தல் என்ற பெரிய துறைக்கு அது தொடக்கம் என்ற அளவில் இங்கே நிறுத்திக்கொள்வோம். மேலும் எழுதினால் பல நண்பர்களின் உறவு கெடும்.

சோதனை வேண்டுமென்றால் எல்லை வேண்டும். எல்லை எப்படிப் பிறக்கிறது? 1690-இல் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை இங்கிலீஷ்காரர்கள் இதே ராஜாராமின் செஞ்சி அரசிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழும் தூரம்வரை அவர்களுக்குச் சொந்தம் என்பது பேச்சு. நிலஅளவையாளரின் வேலையைப் பீரங்கிக்காரன் முடித்துக்கொடுத்தான். உள்ளே விழுந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. விழுப்புரம் சாலையில் புதுச்சேரி எல்லையைப் பார்க்கிறவருக்கு, அங்கேயும் யாரோ கண்ணைக் கட்டிக்கொண்டு சுட்டிருக்கிறார்கள் என்று தோன்றும். வளவனூர் தமிழ்நாடு, மதகடிப்பட்டு, திருபுவனை புதுச்சேரி, கண்டமங்கலம் மறுபடி தமிழ்நாடு, அரியூர் மறுபடி புதுச்சேரி. உட்கார்ந்த இடத்திலிருந்து நகராமலே பயணி மூன்று முறை எல்லை கடந்துவிடுகிறார்.

1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சியைப் பிடித்ததிலிருந்து 1761 வரை கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அங்கே புதுச்சேரி வாசல் என்றே ஒரு வாசல் உண்டு. இன்று அது திறந்தே கிடக்கிறது. ஆடுகள் போய் வருகின்றன. 1954 நவம்பர் 1 வரை புதுச்சேரியிலிருந்து வருவதென்றால் வேறொரு அரசின் மண்ணிலிருந்து வருவது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்து மற்ற சரக்குகளுக்கெல்லாம் எல்லையை அழித்தது. மதுவும் பெட்ரோலும் அதற்குள் வரவில்லை. இரண்டும் திரவம், இரண்டும் புதுச்சேரியில் மலிவு. டாங்க் நிறைய பெட்ரோல் நிரப்பிக்கொண்டு வருகிறவரை யாரும் ஓரங்கட்டுவதில்லை. அதே வண்டியின் சீட்டுக்கடியில் நான்கு குவார்ட்டர் இருந்தால் மறுநாள் நாளிதழில் செய்தி.

இனிக் களத்துக்கு வருவோம். கிளியனூரில் பஸ் நிற்கிறது. மதுவிலக்குப் போலீஸார் இருவர் ஏறுகிறார்கள். உடனே ஒரு பகுதியினர் தூங்கிவிடுகிறார்கள். தலை சாய்வதற்கு முன்பே கண் மூடிவிடும் இந்தத் தூக்கத்தை மருத்துவர்கள் கவனிக்க வேண்டும். வேறு சிலர் அவசரமாக போன் பேசுகிறார்கள். மறுமுனையில் யாருமில்லை என்பது அவர்கள் பதிலுக்கு இடைவெளி விடாமல் பேசுவதிலிருந்து தெரியும். பையில் ஒன்றுமில்லாதவர் நிலைதான் பரிதாபம். தம் பைக்குள் தமக்கே தெரியாமல் ஏதாவது இருக்குமோ என்ற ஐயம் அவருக்கு வந்துவிடுகிறது. எச்சில் விழுங்குகிறார். போலீஸார் நேரே அவரிடம்தான் வருகிறார்கள். பையில் சரக்கு இருக்கிறவரோ ஜன்னல் வழியாக வயலைப் பார்த்து, இந்த வருஷம் மணிலா பரவாயில்லை என்று பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கோரிமேட்டில் ஏறியவர்களுக்குத் தனி மரியாதை. அங்கே ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கிறது. எக்ஸ்ரே கவர் கையில் இருந்தால் விசாவுக்கு நிகர்.

“இன்னா ஆயா, பையில?”

“மருந்து பாட்டில்தாம்பா. மூணு வேளையும் குடிக்கச் சொல்லியிருக்காரு டாக்டரு. நீ வேணா மோந்து பாரு, கொடலப் பொரட்டும்.”

மோந்து பார்க்கச் சொன்ன பையை யாரும் மோந்து பார்ப்பதில்லை. இதை இரண்டாம் விதியாகக் கொள்ளலாம்.

சீட்டுக்கடியில் ஒரு பை அகப்படும்போதுதான் ஆய்வு தத்துவத்தைத் தொடுகிறது. “யாருதுங்க இது?” பதில் இல்லை. மேலே அமர்ந்திருப்பவர் அந்தப் பையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். அது தம் காலுக்கடியில் எப்படி வந்தது என்று போலீஸாரைவிட அவருக்கே வியப்பு அதிகம். ‘எனது’ என்னும் பற்று ஐம்பத்தைந்து பேருக்கும் ஒரே நொடியில் அற்றுப்போகிறது. திருவண்ணாமலை பஸ் என்பதால் இதற்குத் தல விசேஷம் காரணமா என்று ஆராயலாம். கிரிவலத்துக்குப் போகும் பௌர்ணமிக் கூட்டத்தில் இது கூடுகிறதா என்பது முனைவர் பட்டத்துக்கு உகந்த தலைப்பு.

செஞ்சியில் இறங்கினாலும் சோதனை முடிவதில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த கோட்டை இது. தொல்லியல் துறையின் டிக்கெட் கவுண்டரில் எந்த நாடு என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். சார்க், பிம்ஸ்டெக் நாட்டவருக்கு இந்தியர் கட்டணமே. ஆகவே யாழ்ப்பாணத்துக்காரர் உள்ளூர்க்காரராகவும், அவரோடு ஒரே காரில் வந்த மலேசியத் தமிழர் வெளிநாட்டவராகவும் உள்ளே போகிறார்கள். முகத்தை வைத்து இதை எந்த அதிகாரியாலும் கண்டுபிடிக்க முடியாது. கருதுகோளுக்கு முதல் அடி.

இரண்டாம் அடி கோட்டையின் ராஜகிரி மலைப் படிக்கட்டில் விழுகிறது. அங்குள்ள குரங்குகள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை நாள் தங்குவீர்கள் என்ற விசாரணை கிடையாது. கவரின் சரசரப்பு ஒன்றே போதும். வாழைப்பழத்துக்கு வரி நூற்றுக்கு நூறு. ரசீது இல்லை, மேல்முறையீட்டுக்கு மரத்தில் ஏற வேண்டும். ‘என்னுது இல்ல’ என்று சொல்லும் பஸ் தந்திரம் இங்கே எடுபடாது. அப்படியென்றால் இன்னும் நல்லது என்று குரங்கு எடுத்துக்கொண்டு போகும்.

உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறைப் பிளவின்மேல் சிறு பாலம் வருகிறது. பிளவு சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அன்று பாலத்தை எடுத்துவிட்டால், சில பேர் நின்று ஒரு படையையே நிறுத்திவிடலாம். செஞ்சிக்காரர்கள் கட்டியவற்றிலேயே கெடுபிடி மிகுந்த சாவடி அதுதான். இன்று மூச்சு வாங்க அங்கே வந்து சேர்கிறவரிடம் சோதிக்க ஒன்றும் மிஞ்சியிருப்பதில்லை. எல்லாம் கீழேயே பறிமுதல்.