வண்டி எங்க வருது?

ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கு. அதன் வாசலில், செக்யூரிட்டி கூண்டுக்கும் டீக்கடைக்கும் நடுவே ஒரு மேசையும் இரண்டு போனும் போட்டுக்கொண்டு இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். லாரி பிடித்துக் கொடுப்பது தொழில். ஊர்ப் பேச்சில் புரோக்கர். போன வருஷம் வரை என் விசிட்டிங் கார்டிலும் அப்படித்தான் இருந்தது. அதை 'ஃப்ளீட் பார்ட்னர்' என்று மாற்றி அடித்துக் கொடுத்தவர் எம்.பி.ஏ. தம்பி.

எம்.பி.ஏ. தம்பி என்பது ஓர் ஆளின் பெயர் இல்லை. மாம்பழ சீசன் முடிகிற சமயத்தில் வருஷா வருஷம் எங்கள் பக்கத்துக் கிடங்குகளில் வந்து இறங்குகிற ஒரு ஜாதி. லாஜிஸ்டிக்ஸ் அண்ட் சப்ளை செயின் மேனேஜ்மென்ட் படித்தவர். இன் பண்ணிய முழுக்கைச் சட்டை, கழுத்தில் கம்பெனி பட்டி, காலில் லெதர் ஷூ. அந்த ஷூவைப் பார்த்தே அவர் சேர்ந்து எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லிவிடலாம். முதல் வாரம் பாலிஷ். இரண்டாம் வாரம் செம்மண். மூன்றாம் வாரம் கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ, ஒரு சைஸ் பெரிசு, நடந்தால் 'டொப் டொப்' என்று கேட்கும். வருவது தெரிந்து லோடுமேன்கள் பீடியை அணைத்துவிடுவார்கள்.

வந்த புதிதில் லோடுமேன்கள் அவரை 'சார்' என்பார்கள். அது மரியாதை என்று அவர் நினைத்துக்கொள்வார்.

பாவம், கை நிறைய அறிவோடுதான் வருகிறார். போன வருஷத்துத் தம்பி முதல் நாளே டெஸ்பாட்ச் அண்ணனுக்குக் கன்டெய்னர் பிறந்த கதையைச் சொன்னார். டெஸ்பாட்ச் அண்ணன் பத்தாங்கிளாஸ், அதுவும் இரண்டாவது தடவைதான் பாஸ். ஆனால் கிடங்கு அவர் சட்டைப் பையில் இருக்கிறது.

"மால்கம் மெக்லீன்னு ஒரு அமெரிக்கர்ண்ணா. 1956 ஏப்ரல் 26. ஐடியல் எக்ஸ்னு ஒரு பழைய டேங்கர் கப்பல். அதுல 58 பெட்டியை ஏத்தி நியூவார்க்லேர்ந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினாரு. அன்னிக்கு மாறிச்சுண்ணா உலக வியாபாரம்!"

அண்ணன் இன்வாய்ஸில் சீல் குத்திக்கொண்டே கேட்டார்: "அதுக்கு முன்னாடி அவரு என்ன வேலை பாத்துட்டிருந்தாரு?"

"லாரி ஓட்டிட்டு இருந்தாரு."

"அதான பாத்தேன்" என்று அண்ணன் அடுத்த சீலைக் குத்தினார்.

தம்பியின் புராஜெக்ட் வேறு சூயஸ் கால்வாயைப் பற்றியது. 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற 400 மீட்டர் கப்பல் குறுக்கே மாட்டி ஆறு நாள் உலகத்தையே நிறுத்தி வைத்ததே, அதைப் பற்றி எண்பது பக்கம் எழுதி ஸ்பைரல் பைண்டிங் போட்டிருக்கிறார். சேர்ந்த மூன்றாம் நாளே அவருக்குச் செய்முறைத் தேர்வு வந்தது. நாற்பதடி ட்ரெய்லர் ஒன்று எங்கள் கேட்டில் திரும்பும்போது, முன்பக்கம் காம்பவுண்டையும் பின்பக்கம் டீக்கடைக் கூரையையும் தொட்டுக்கொண்டு நின்றுவிட்டது. பின்னால் ஒன்பது வண்டி. தம்பி 'ரூட் காஸ்' என்று ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். கிளீனர் பையன் இறங்கிப் போய் டீக்கடை பெஞ்சை நகர்த்தி வைத்தான். ட்ரெய்லர் உள்ளே போயிற்று. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் டீயைக்கூடக் கீழே வைக்கவில்லை.

அவர் படித்து வந்த உலகத்தில் சரக்கு தானாக நகரும். ஓசூரில் ஒரு கட்டம், ஒரகடத்தில் ஒரு கட்டம், நடுவே ஒரு அம்புக்குறி. அந்த அம்புக்குறிக்குள் ஒரு டிரைவர் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குப் பசிக்கும், அவர் மச்சினன் வீடு கிருஷ்ணகிரியில் இருக்கிறது என்பதெல்லாம் சிலபஸில் இல்லை.

எனவே முதல் போனை இப்படிப் போடுவார்: "குட் மார்னிங். நான் கம்பெனி லாஜிஸ்டிக்ஸ் டிபார்ட்மென்ட்லேர்ந்து பேசறேன். உங்க எஸ்டிமேட்டட் டைம் ஆஃப் அரைவல் சொல்ல முடியுமா?"

"லோன் எல்லாம் வேண்டாங்க" என்று டிரைவர் வைத்துவிடுவார்.

நாலைந்து தடவை லோன் மறுக்கப்பட்ட பிறகுதான் இந்தத் தொழிலின் ஒரே கேள்வி அவர் வாயில் வரும்: "அண்ணே, வண்டி எங்க வருது?" அவர் படிப்பு அன்றுதான் ஆரம்பம். மேனேஜர் அவரைக் கேட்பார், வண்டி எங்க வருது. ஃபேக்டரிக்காரர் கேட்பார், வண்டி எங்க வருது, வரலைன்னா இன்னும் ரெண்டு மணி நேரத்துல லைன் நின்னுடும். அவர் டிரைவரைக் கேட்பார். டிரைவர் எடுக்காவிட்டால் என்னைக் கேட்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கம் இடி என்பார்கள்; மத்தளத்துக்காவது பேட்டரி மூன்று மணிக்கே தீராது.

டிரைவர் சொல்லும் பதிலுக்கு அர்த்தம் தெரிய வருஷம் ஒன்றாவது ஆகும். 'வந்துட்டே இருக்கறனுங்' என்றால் வண்டி இன்னும் கிளம்பவில்லை. 'கிளம்பிட்டனுங்' என்றால் குளிக்கப் போகிறார். 'வேலூர் பைபாஸ்' என்றால் ஆம்பூர், பிரியாணி, கத்திரிக்காய்த் தொக்கு. 'செம டிராஃபிக்' என்றால் தூக்கம். இதற்கு மட்டும் கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று ஒவ்வொரு தம்பிக்கும் சொல்வேன். ராத்திரி பூரா ஓட்டினவர் ரோட்டோரம் இரண்டு மணி நேரம் கண் மூடினால்தான் சரக்கும் பிழைக்கும், எதிரே வருகிற வண்டியில் இருக்கிறவனும் பிழைப்பான். 'ஸ்ரீபெரும்புதூர் வந்தாச்சு' என்று சொன்னால் மட்டும் நம்பலாம். பின்னாலேயே 'கேட்டைத் திறக்கச் சொல்லுங்' என்று வரும்.

2021 பிப்ரவரியில் ஃபாஸ்டாக்கைக் கட்டாயமாக்கினார்கள். டோலில் காசு பிடித்த மறுநிமிஷம் மெசேஜ் வரும். போன வருஷத்துத் தம்பிதான் அந்த மெசேஜைத் தன் போனுக்கும் வரும்படி செய்துகொண்டார். டிரைவர் போனில் பள்ளிகொண்டா தாண்டிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வாணியம்பாடி டோலில் பணம் பிடித்ததாக மெசேஜ் வந்து விழுந்தது. தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அண்ணே, நீங்க இப்பதான் வாணியம்பாடி!" எதிர்முனையில் கொஞ்ச நேரம் டீசல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு டிரைவர் சொன்னார்: "தெரிஞ்சும் எதுக்குங் தம்பி கேக்கறீங்?"

இதற்குத் தம்பியிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

பாரம் ஏற்றுவதில் ஒவ்வொரு தம்பியும் ஒரு தடவை விழுந்து எழுந்துதான் ஆகவேண்டும். ஒரே வண்டியில் காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, வேலூர் மூன்று இடத்துக்குச் சரக்கு. தம்பி அழகாக எக்ஸலில் போட்டு, கலர் அடித்து, ஒன்று காஞ்சிபுரம், இரண்டு ராணிப்பேட்டை, மூன்று வேலூர் என்று பிரின்ட் எடுத்து மேஸ்திரி கையில் கொடுத்தார். மேஸ்திரி சொன்ன சொல் தட்டாதவர். ஒன்றை முதலில் ஏற்றினார். காஞ்சிபுரம் சரக்கு கேபினை ஒட்டி உள்ளே போய் உட்கார்ந்தது. வேலூர் சரக்கு கதவோரம் நின்றது. காஞ்சிபுரத்தில் மொத்த வண்டியையும் இறக்கி, அவர்கள் பங்கை எடுத்துக்கொண்டு, மறுபடி ஏற்றினார்கள். இறக்கு கூலி, ஏற்று கூலி, அதற்கு மேல் டிரைவருக்கு ஹால்டிங். கடைசியில் வந்தது முதலில் போகும் என்று 'லிஃபோ'வுக்கு அவர் 16 மார்க் கேள்வி எழுதி 14 வாங்கியவர்.

"தெரிஞ்சும் ஏன் மேஸ்திரி சொல்லல?" என்று தம்பி கேட்டாராம்.

"நீங்க கலர்லாம் அடிச்சிருந்தீங்களே சார்."

மறுநாள் முதல் மேஸ்திரியிடம் கேட்டுவிட்டுத்தான் எக்ஸலைத் திறந்தார். மேஸ்திரியும் அன்றிலிருந்து 'சார்' என்பதை விட்டு 'தம்பி'க்கு இறங்கினார். உண்மையில் அதுதான் பதவி உயர்வு. ஹெச்.ஆர். கொடுக்கிற கன்ஃபர்மேஷன் லெட்டர் பிறகு வந்தது.

இந்த வேலைக்கு இப்போது பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். எங்கள் பக்கத்துப் பல கிடங்குகளில் அந்தக் கட்டுரையின் முதல் அத்தியாயம் 'கழிப்பறை எங்கே?' என்பதாகத்தான் இருக்கும். அது நகைச்சுவையில் சேராது என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

எல்லாத் தம்பிகளுக்கும் ஒரு கருப்பு ராத்திரி உண்டு. போன வருஷத்தவருக்கு அது ஒரு வெள்ளிக்கிழமை. ஓசூருக்குப் பத்து லட்ச ரூபாய் உதிரி பாகம். இ-வே பில் போட்டவர் தம்பி. மாசக் கடைசி, அதுவும் ஏழாவது பில், கண் சொருகுகிற நேரம். வண்டி டி.என். 88. அவர் அடித்தது டி.என். 28. தெற்கு நாமக்கல் வண்டியை ஒரே தட்டில் வடக்கு நாமக்கல்லாக்கிவிட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு வாணியம்பாடிக்கு முன்னால் வணிகவரி ஸ்குவாட் கை காட்டியது.

"தம்பி, பில்லுல நம்பர் வேறயா இருக்குதுங். ஐயா வண்டிய ஓரங்கட்டச் சொல்லீட்டாருங்."

அடுத்த ஐந்து நிமிஷத்தில் தம்பி ஜி.எஸ்.டி. சட்டத்தின் 129-ஆம் பிரிவை நெட்டில் படித்து முடித்துவிட்டார். வரி 18 சதவீதம், ஒரு லட்சத்து எண்பதாயிரம். அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு, மூன்று லட்சத்து அறுபதாயிரம். அவருடைய ஒரு வருஷச் சம்பளம் கிட்டத்தட்ட அதுதான். படிப்புக் கடனுக்கு இ.எம்.ஐ. வேறு போய்க்கொண்டிருக்கிறது. எனக்குப் போன் போட்டார். பேச்சு வரவில்லை, மூச்சு மட்டும் வந்தது. நான் டெஸ்பாட்ச் அண்ணனை எழுப்பினேன்.

அண்ணன் தூக்கக் கலக்கத்திலேயே கேட்டார்: "எத்தன எழுத்து மாறியிருக்கு?"

"ஒண்ணுண்ணா."

"ஒண்ணு ரெண்டு எழுத்துன்னா ஒண்ணும் பண்ண மாட்டாங்க. 2018 செப்டம்பர் 14-ம் தேதி சர்க்குலர், நம்பர் 64. சென்ட்ரலுக்கு ஐந்நூறு, ஸ்டேட்டுக்கு ஐந்நூறு. ஆயிரம் ரூவா கட்டிட்டு வண்டிய எடுத்துட்டுப் போவச் சொல்லு. என் மேச ரெண்டாவது ட்ராயர்ல லேமினேஷன் போட்டு வச்சிருக்கேன். போட்டோ எடுத்து டிரைவருக்கு அனுப்பு."

தம்பி சேஃப்டி ஷூவைக்கூடப் போடாமல் செருப்போடு கிடங்குக்கு ஓடினார். ட்ராயரில் அந்த சர்க்குலர், அதன் மேல் குங்குமப் பொட்டு. ஆயுதபூஜைக்கு ஃபோர்க்லிஃப்டுக்கும் வெயிங் மெஷினுக்கும் வைக்கும்போது அண்ணன் இதற்கும் வைத்துவிடுவார். போட்டோ போயிற்று. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "இது எனக்கும் தெரியும்ப்பா, அதத்தான் எழுதிட்டிருக்கேன்" என்றாராம். விடிவதற்குள் வண்டி கிருஷ்ணகிரி. தம்பி கிடங்கிலேயே, பேலட்டின் மேல் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்துத் தூங்கினார். காலையில் அண்ணன் அவரைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டி 'ஹோல்டு' என்று எழுதி வைத்திருந்தார். டேமேஜ் சரக்குக்கு நாங்கள் அப்படித்தான் எழுதுவோம்.

இத்தனை பாடும் வீட்டில் யாருக்கும் புரியாது. அப்பா சொந்தக்காரர்களிடம் 'பையன் சப்ளை செயின்ல இருக்கான்' என்பார். அவர்கள் 'எந்த நகைக்கடை?' என்பார்கள். சித்தப்பா விளக்கம் கேட்டுவிட்டு, 'ஓ, பார்சல் சர்வீஸா' என்று முடித்துவைப்பார். வீடு மாற்றுகிற அத்தனை பேரும் தம்பிக்குத்தான் போன் போடுவார்கள், தெரிஞ்ச குட்டி யானை இருக்கா என்று. அந்தப் போனைத் தம்பி எனக்குத் திருப்பிவிடுவார். நானும் பிடித்துக் கொடுப்பேன். ஃப்ளீட் பார்ட்னர் இல்லையா.

பெண் பார்க்கப் போன இடத்தில் 'மாப்பிள்ளைக்கு லாரி ஆபீஸ்ல வேலை' என்று தரகர் சொல்லி, அது கொஞ்ச நாள் ஓடியது. அம்மாவுக்கு அதில் வருத்தம். ஆனால் அம்மாதான் இந்தத் தொழிலை வேகமாகக் கற்றுக்கொண்டவர். ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து மகன் போன் பேசுவதை ஒரு வருஷம் கேட்டிருக்கிறாரே.

நேற்று ராத்திரி ஒன்பதரை. தம்பி என் மேசை ஓரம் நின்று, வராத வண்டிக்காக அனுப்ப வேண்டிய மெயிலைப் போனில் தட்டிக்கொண்டிருந்தார். ஒரகடத்தை விட்டு ஓர் அடி நகரவில்லை. அம்மாவின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்கடா வர்ற?"

"இதோ, படப்பை தாண்டிட்டேம்மா. செம டிராஃபிக்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மிக்சி சத்தம் மட்டும் கேட்டது.

"லொகேஷன் அனுப்பு" என்றார் அம்மா.