தொட்டிக்குள் ஒரு பட்டாச் சண்டை

கேள்வி: கடல்மீன் தொட்டி வைத்து ஆறு மாதம் ஆகிறது. விரல் நீளம்கூட இல்லாத நீல டாம்செல், புதிதாக வந்த நீமோவைத் துரத்தித் துரத்திக் கடிக்கிறது. இத்தனூண்டு மீனுக்கு ஏன் இவ்வளவு கோபம்? (திருமங்கலம் வாசகி)

பதில்: கோபமில்லையம்மா, பட்டாத் தகராறு. முதலில் குடிவந்தது டாம்செல். அந்தப் பாறை இடுக்கு அதற்குச் சொந்த மனை. கடலில் என்றால் தோற்ற மீன் பத்தடி தள்ளிப் போய்ப் பிழைத்துக்கொள்ளும். மூன்றடித் தொட்டியில் எங்கே போகும்? எந்தப் பக்கம் ஓடினாலும் கண்ணாடி. அதனால்தான் துரத்தல் ஓய்வதே இல்லை.

நீமோவை உற்றுப் பாருங்கள். வால் ஓரம் கிழிந்து, மேல்மூலையில் ஃபில்டர் பக்கமே ஒட்டி நின்று வேகவேகமாக மூச்சு வாங்கினால் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். டாம்செல்லைப் பிடித்து, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அதே தொட்டிக்குள்ளேயே ஒரு வாரம், பத்து நாள் தொங்கவிடுங்கள். அதற்குள் கற்களை எல்லாம் கலைத்து வேறு மாதிரி அடுக்குங்கள். திறந்துவிடும்போது இரண்டுக்குமே ஊர் புதிதாக இருக்கும். வயிற்றுக்குப் போட்டுவிட்டு, விளக்கை அணைத்த பிறகு திறந்துவிடுங்கள். இனி மீன் வாங்கினால் சாதுவை முதலில், முரடனைக் கடைசியில்.

கேள்வி: நீமோவில் ஆண், பெண் பார்த்து வாங்குவது எப்படி?

பதில்: பார்க்கவே வேண்டாம், அளவைப் பாருங்கள். கூட்டத்தில் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை அடங்கிக் கிடக்கும் குட்டிகள். பெண் செத்தால் ஆணே பெண்ணாக மாறிவிடும். ஆகவே ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று எடுங்கள். சரிசமமான இரண்டு பெரியவற்றை விட்டால் யார் மூத்தவர் என்று தீரும்வரை அடிதடிதான். சிறியது பெரியதன் முன்னால் உடம்பைப் படபடவென்று உதறினால் வலிப்பு என்று பதற வேண்டாம். ‘நீங்களே பெரியவர்’ என்று அது போடும் கும்பிடு.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் நீமோ வகைகளைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது. பொரிப்பகக் குஞ்சா என்று கேட்டு வாங்குங்கள், கடலுக்கும் நல்லது.

கேள்வி: வேறு மீனை விட்டுவிட்டு, தன் இனத்தையே தேடிப் போய் அடிக்கிறதே?

பதில்: பங்காளிச் சண்டை! ஒரே இரை, ஒரே இடுக்கு, ஒரே ஜோடிக்குப் போட்டி போடுவது தன் இனம்தானே. பவளப்பாறை மீன்களிடம் இதைக் கவனித்து எழுதியவர் ஆஸ்திரிய அறிஞர் கான்ராட் லோரன்ஸ். 1963-இல் வந்த அவருடைய புத்தகம் இந்த மீன்களில்தான் தொடங்குகிறது. பளிச்சென்ற நிறம் ‘இது என் இடம்’ என்று நட்ட கொடி என்றார். ஒரே நிறம், ஒரே உருவம் உள்ளவற்றைச் சேர்த்துவிடாதீர்கள்.

கேள்வி: ஒளிய இடம் வேண்டுமே, பவளத் துண்டுகள் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. பவளம், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. பிவிசி எல்போ நாலு, உடைந்த மண்சட்டி ஒன்று போதும். மீன் அழகு பார்க்காது, மறைவுதான் பார்க்கும்.

கேள்வி: சித்திரை வெயிலில் அடிபட்ட மீன் சீக்கிரம் செத்துவிடுகிறதே?

பதில்: நீர் சுட்டால் அதில் கரையும் பிராணவாயு குறையும், உப்பு நீரில் இன்னும் குறைவு. ஓடிக் களைத்த மீனுக்கு அந்தக் குறைதான் எமன். நீர்ப்பரப்பின் மேல் சிறிய ஃபேன் ஒன்றைத் திருப்பிவிடுங்கள், சூடு தணியும். நீர் வற்றினாலும் உப்பு வற்றாது. அதனால் குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். நம்ம ஊர் போர்த் தண்ணீர் வேண்டாம்.

கேள்வி: என்ன செய்தும் அடங்காத மீனைக் கடலில் விட்டுவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இந்தோ-பசிபிக் கடலின் சிங்கமீன், வளர்த்தவர்கள் கைவிட்டதால்தான் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் பரவியது என்று கருதப்படுகிறது. அங்குள்ள சிறு மீன்களை இன்றைக்கும் அது தின்று தீர்க்கிறது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். எடுத்துக்கொள்வீர்களா என்று வாங்கும்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.