பட்டா கோரும் பணிவான விண்ணப்பம்

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
ஐகான் (இணைய டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் அமைப்பு), லாஸ் ஏஞ்சலஸ், அமெரிக்கா.

பொருள்: டொமைன் பெயர் வாங்கி விற்கும் புதுத் தொழிலதிபர்களுக்குப் பட்டா வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: புதுப்பிப்புக் கட்டணம் கேட்டு எனக்கு வந்த கடைசி நினைவூட்டல்; அதற்கடுத்து வந்த மிகக் கடைசி நினைவூட்டல்.

ஐயா,

பிசினஸ் டாட் காம் 1999இல் 75 லட்சம் டாலருக்கும், வாய்ஸ் டாட் காம் 2019இல் 3 கோடி டாலருக்கும் கைமாறியதைப் படித்த கையோடு இத்தொழிலில் இறங்கியவன் நான். செங்கல், மண், தரகர் எதுவும் இல்லாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே மனை வியாபாரம் செய்ய வழிவகுத்த தங்கள் அமைப்புக்கு முதற்கண் நன்றி.

சின்ன சங்கடம் ஒன்று உண்டு. முதல் டாட் காம் பெயர் 1985இல் பதிவானது. 1995 வரை பதிவுக்குக் கட்டணமே கிடையாதாம். ஆங்கில அகராதியில் விலைபோகிற சொற்களையெல்லாம் முன்னோர்கள் வளைத்துப் போட்டுவிட்டார்கள். எனக்கு வாய்த்தது 'பெஸ்ட்-இட்லி-4யூ டாட் ஷாப்'. நடுவில் இரண்டு கோடு, ஓர் எண் என்று சகல லட்சணமும் பொருந்திய பெயர். முதல் வருடம் டீ, வடைக் காசுக்குக் கொடுத்தார்கள். இரண்டாம் வருடம் புதுப்பிக்கப் போனால் குடும்பத்தோடு ஓட்டலில் சாப்பிடுகிற காசு கேட்கிறார்கள்.

இதை 25,000 டாலர் என்று விலை போட்டு விற்பனைக்கு வைத்தேன். ஒருவர் பேரமே பேசாமல் ஒப்புக்கொண்டார். தான் சொல்கிற இடத்தில் பணம் கட்டி, ஒரு மதிப்பீட்டுச் சான்றிதழ் மட்டும் வாங்கி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பெயரின் மதிப்பு 40,000 டாலர் என்கிறது சான்றிதழ். அதன் பிறகு ஆளைக் காணோம். இவ்வளவு மலிவாகக் கேட்டுவிட்டோமே என்று கூச்சப்படுகிறார் போலும்.

இனி கோரிக்கைகள்.

ஒன்று, பட்டா. நான் 'வாங்கிய' பெயர்களெல்லாம் வெறும் வாடகை. அதுவும் ஒரே தடவையில் 10 ஆண்டுக்கு மேல் பதிய முடியாது. ஆனால் டாட் காம் முழுவதையும் நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனத்துக்குத் தாங்கள் கொடுத்திருக்கும் குத்தகையோ, பெரிய விதிமீறல் நடந்தாலொழிய மறுபடி அவர்களுக்கே. போட்டி ஏலம் கிடையாது. பெயர் ஒன்றுக்கு அவர்கள் வாங்கும் ஆண்டு மொத்தவிலை 2024 செப்டம்பரில் 10.26 டாலரானது. ஆறாண்டு ஒப்பந்தத்தின் கடைசி நான்கு ஆண்டுகளில் ஆண்டுக்கு 7 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம். டாட் காம் பெயர்கள் 15 கோடிக்கும் மேல். பெயர் விற்றாலும் வாடகை, விற்காவிட்டாலும் வாடகை. இந்தத் தொழில் எனக்கும் பிடித்திருக்கிறது. விண்ணப்பம் எந்தக் கவுண்டரில் கிடைக்கும் என்று தெரிவிக்கவும்.

இரண்டு, தட்டுப்பாடு. 'இடமே இல்லை சார்' என்று சொல்லித்தான் நான் வியாபாரம் செய்தாக வேண்டும். தாங்களோ 2012இல் விண்ணப்பம் ஒன்றுக்கு 1,85,000 டாலர் வாங்கிக்கொண்டு புதிய பின்னொட்டுகளுக்குக் கதவைத் திறந்தீர்கள். 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன. டாட் குரு, டாட் நிஞ்சா, டாட் பீட்சா என்று ஊருக்கு வெளியே லே-அவுட் போட்டுக்கொண்டே போனால் நடுத்தெருவில் நிற்பது யார்?

மூன்று, பாரபட்சம். வாடகை கட்டாத பெயர் முடக்கப்பட்டால், அபராதம் கட்டி மீட்க 30 நாள். அதற்குப் பின் 5 நாளில் பொதுவில் விழும். விழுகிற நொடியிலேயே கவ்விக்கொள்ள நிறுவனங்கள் காத்திருக்குமாம். என் பெயர்கள் விழுந்தபோது ஒரு நாதியும் எட்டிப் பார்க்கவில்லை. விசாரணைக் குழு அமைக்கவும்.

நான்கு, சிறுவர்கள். ஜியோஹாட்ஸ்டார் டாட் காம் பெயரைப் பதிந்து வைத்திருந்த டெல்லி இளைஞர் ஒருவர், அதற்கு ஈடாகத் தன் கேம்பிரிட்ஜ் படிப்புச் செலவை ஜியோவின் உரிமையாளரான ரிலையன்ஸ் ஏற்க வேண்டும் என்று 2024இல் பகிரங்கமாகக் கேட்டார். கிடைக்கவில்லை. பெயர் துபாயில் வசிக்கும் சிறுவயது அண்ணன் தங்கை கைக்குப் போனது. அவர்களோ இலவசமாகவே தருகிறோம் என்றார்கள்! தாங்கள் 1999இல் கொண்டுவந்த தகராறு விதிப்படி, அடுத்தவர் வணிகச் சின்னத்தை ஒத்த பெயரை அவருக்கே லாபத்துக்கு விற்கப் பதிவது கெட்ட எண்ணத்துக்கு அத்தாட்சி. பெயரும் போகும், நயா பைசாவும் வராது. ஆனால் சும்மா கொடுத்துத் தொழிலைக் கெடுப்பவர்களுக்கு எந்தத் தண்டனையும் இல்லை. இந்த ஓட்டையை உடனே அடைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனையில்லா மனை வியாபாரி.

இணைப்பு: மதிப்பீட்டுச் சான்றிதழ், நகல்.

பி.கு.: தங்கள் அமைப்பின் பெயரோடு 'பட்டா'வைச் சேர்த்து ஒரு டாட் காம் நேற்றிரவு பதிந்து வைத்திருக்கிறேன். விலை என்று நான் இதில் எதையும் எழுதவில்லை என்பதைத் தங்கள் சட்டப் பிரிவு தயவுசெய்து குறித்துக்கொள்ளவும்.