படிக்க ஒரு இடம், படுக்க ஒரு இடம்

எழுபதுகளில் எங்கள் புரசைவாக்கம் வீட்டில் ஜெனரல் ஆஸ்பத்திரியைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் இருந்தது. எதிர்வீட்டுப் பையனுக்கு அதை ஒட்டிய மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில், அதாவது எம்.எம்.சி.யில், சீட் கிடைத்தது என்றால் பாட்டி சர்க்கரை டப்பாவைத் திறப்பாள். கோடி வீட்டுக்காரரை ஜி.எச்.சில் சேர்த்திருக்கிறார்கள் என்றால், "ஐயோ பாவம், அவ்வளவு முத்திப்போச்சா?" என்பாள். படிக்க உகந்த இடம், படுக்கத் தகாத இடம். இதுதான் குடும்பக் கொள்கை.

காலையில் ஓ.பி.யில் இனாமாகப் பார்க்கும் பேராசிரியரையே சாயங்காலம் அவருடைய கிளினிக்கில் ஃபீஸ் கொடுத்துப் பார்ப்பார் சித்தப்பா. போர்டில் 'ஜி.எச்.' என்று இருந்தால்தான் அவருக்குக் கைராசிக்கார டாக்டர். வீட்டு வேலைக்கு வந்த அம்மா மட்டும் காலி பாட்டிலோடு நேரே ஜி.எச்.சுக்கே போவார். ரோஸ் கலர் மிக்சரோடு திரும்புவார். எத்தனை வேளைக்கு என்பதைப் பாட்டிலில் ஒட்டிய, பல்பல்லாக வெட்டிய காகிதம் சொல்லும். காய்ச்சல் என்னவோ இரண்டு பேருக்கும் ஒரே நாளில்தான் விடும்.

இதில் வேடிக்கை, அந்த ஆஸ்பத்திரி 1664-ல் கோட்டைக்குள் கம்பெனி சிப்பாய்களுக்காகத் தொடங்கியது. 1772-ல் இப்போதைய இடத்துக்கு வந்தது. 1835-ல் பக்கத்திலேயே மருத்துவப் பள்ளி. 1850-ல் அது கல்லூரி. முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் மருத்துவப் பட்டம் வாங்கியது அங்கேதான். துரைமார் தாங்கள் படுக்கவென்று உண்டாக்கிக்கொண்ட இடத்தில் படுக்க நமக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை!

இப்போது பழைய வார்டுகள் போய் இரண்டு டவர் பிளாக் நிற்கின்றன. 2011 முதல் ராஜீவ் காந்தி பெயர். மத்திய சிறை இருந்த நிலத்தில் கல்லூரிக் கட்டடம் எழுந்திருக்கிறது. கைதிகள் நாளை எண்ணிய இடத்தில் மாணவர்கள் பரீட்சைக்கு நாளை எண்ணுகிறார்கள்.

சித்தப்பா மகனுக்குப் போன வருஷம் நெஞ்சுவலி. கண்ணாடி மாளிகை போன்ற ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். 'முன்னாள் பேராசிரியர், எம்.எம்.சி.' என்ற போர்டைப் பார்த்ததும் அப்பாவைப் போலவே அவனுக்கும் தெம்பு வந்துவிட்டது. ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று எஸ்டிமேட் வந்ததும் அந்தத் தெம்பு போய்விட்டது.

"பேசாம ஜி.எச்.சுக்குப் போயிடலாம்டா" என்றேன்.

"அக்கா, அங்கேயா?"

"அங்கேதான். உங்கப்பா காசு கொடுத்துப் பார்த்த டாக்டரெல்லாம் எங்கே இருந்தாங்களாம்?"

முன்னாள் பேராசிரியரிடம் தொழில் கற்ற மாணவர்தான் இந்நாள் பேராசிரியராக அங்கே இருந்தார். ஆபரேஷன் அவர் கையில் நடந்தது. பையன் பிழைத்துக்கொண்டான், வீடும் அடமானத்துக்குப் போகாமல் பிழைத்தது.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த வாரம் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், எந்த ஆஸ்பத்திரி என்று.

"சென்ட்ரல் பக்கத்துல ஒண்ணு இருக்குங்க. டாக்டருங்கெல்லாம் எம்.எம்.சி.ல படிச்சவங்க" என்றான் தம்பி.